பாலைவன நகரத்துக்குச் செல்வோர் கவனத்துக்கு

பாலைவனத்தை மனிதன் வென்ற கதைதான் நாகரிகத்தின் கதை. மணலில் கோபுரம் நட்டவன், கடலின் உப்பைப் பிரித்துக் குடித்தவன், கொதிக்கும் வெயிலுக்கு நடுவே கூரை போட்டுப் பனியில் சறுக்கி விளையாடியவன்: அவன் முன்னால் வரலாறு தலைவணங்கி நிற்கிறது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர் பண்பாட்டு மன்றத்தில் அந்த வெற்றிக்கு ஒரே உரித்தாளி பிரான்சிஸ் தங்கராசா. ஊரில் சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் கொழும்புக்குப் போகும் வழியில், அடுத்த விமானம் பிந்தியதால், டுபாய் விமான நிலையத்துக்குள் ஓர் இரவு இருந்தவர் அவர். வெளியே வரவில்லை. விடிந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தார். கொஞ்சம் புழுதி தெரிந்தது.

அந்தப் புழுதியை வைத்துக்கொண்டு தங்கராசா ஆறு வருடம் வாழ்ந்தார். வேலை என்னவோ ஒரு பெரிய பேக்கரியில் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளுவதுதான். ஆனால் மன்றக் கூட்டங்களில் யாராவது வெயில் என்று வாயெடுத்தால் போதும், "நான் டுபாயிலை நிண்ட நேரம்" என்று தொடங்கிவிடுவார். ஓர் இரவு மெல்ல மெல்ல ஒரு வாரமாகியது. கண்ணாடி வழியாகப் பார்த்தது கழன்றுபோய், பார்த்தது மட்டும் மிஞ்சியது. அவர் வீட்டு முன்னறையில் விமான நிலையக் கடையில் வாங்கிய பொன்னிற ஒட்டகம் ஒன்று நின்றது. அதன் வயிற்றில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருந்த இடத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

இதெல்லாம் யாருக்கும் தீங்கில்லாத பெருமையாகவே கழிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்த நகரம் சும்மா ஊர் பார்க்கும் இடமாக இருக்கவில்லை. அகதியாக வந்து ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு ஜேர்மனி ஒரு நீலப் பயணப் புத்தகம் கொடுக்கும். இலங்கை தவிர்ந்த சகல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் அடித்திருக்கும். ஊரில் இருப்பவருக்கோ ஜேர்மன் விசா கிடைக்காது. ஆகவே இவர் இங்கிருந்து பறந்து, அவர் அங்கிருந்து பறந்து, நடுவழியில் எங்காவது ஒரு விடுதி அறையில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் திரும்பிப்போவது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. முன்பு சென்னை. பிறகு சிங்கப்பூர். பிறகு டுபாய். தமிழன் சந்திப்பதற்காகவே கட்டப்பட்ட நகரம் போல அது எங்கள் வாயில் புழங்கத் தொடங்கியது.

இந்தத் தேவையைக் கண்டுகொண்டவர் மன்றத் தலைவர் யோசப் மரியரட்ணம். எதைக் கண்டாலும் ஒரு விழா எடுக்கும் மனிதர். பங்குக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, தங்கராசாவுக்குப் பொன்னாடை போர்த்தி, "பாலைவனப் பேரறிஞர்" என்று பட்டமும் சூட்டினார். அன்றே "டுபாய் செல்வோருக்கு நல்லுரைகள்" என்ற இருபக்கத் தாளும் வெளியிடப்பட்டது. விஷயம் தங்கராசாவுடையது. தமிழ் மரியரட்ணத்துடையது. ஜேர்மனியிலிருந்து செல்வோருக்கு விசா தேவையில்லை. காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை வெளியே செல்லற்க. கைத்தொலைபேசியை வீட்டிலேயே விட்டுச் செல்க, வெப்பத்தில் அது வெடிக்கும். விடுதித் தொலைபேசியைத் தொட்டாலே கட்டணம் ஏறும், ஆதலால் வயரைக் கழற்றி வைக்க. கடவுச்சீட்டை எவருக்கும் காட்டற்க. உறவினர் அனுப்பியதாகக் கூறி வருவோருக்குக் கதவு திறக்கற்க. பக்தி காட்டுவோரை நம்பற்க. கடைசி உரை மரியரட்ணத்தின் சொந்தச் சேர்க்கை. எதிர்க்குழுவின் முன்னாள் பொருளாளரை மனதில் வைத்து எழுதியது.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அது உண்மை.

2008 சித்திரையில் சந்திரகாந்தி இந்தத் தாளில் இரண்டு பிரதி கேட்டு வாங்கினார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பெண். மொழிப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியதால் குடியுரிமைக்குப் போட்ட அன்ராக் என்னும் விண்ணப்பம் அப்படியே கிடந்தது. புத்தகம் இன்னும் நீலம். கணவர் அன்ரனுக்கும் அதே நிறம். இரண்டாவது பிரதி மன்னாரிலிருந்த அக்கா இராஜேஸ்வரிக்கு. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். கொழும்பில் வைத்தியம் நடந்தது. தை மாதத்தோடு தலைமயிர் முழுவதும் கொட்டிவிட்டது. ஆவணியைக் காண்பது கடினம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சகோதரிகள் இருவரும் கடைசியாகக் கண்டுகொண்டபோது சந்திரகாந்திக்கு இருபத்தொரு வயது. இப்போது முப்பத்தெட்டு.

மண்டபத்தில் தேநீர் நேரத்தில் சந்திரகாந்தி அறிஞரை அணுகினார்.

"தங்கராசா அண்ணை, என்ரை நீலப் புத்தகமெல்லோ. விசா கேக்கமாட்டாங்களோ?"

"இஞ்சை தாங்கோ பாப்பம்." தங்கராசா புத்தகத்தை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து வாசித்தார். "என்ன எழுதியிருக்கு? இலங்கை தவிர சகல நாட்டுக்கும். அடிச்சது ஆர்? ஜேர்மன்காரன். ஜேர்மன்காரன் சகல நாட்டுக்கும் எண்டு முத்திரை குத்தினாப் பிறகு டுபாய்க்காரன் என்ன, திருப்பிக் கேக்கப் போறானோ?"

"இல்லை அண்ணை, போன வருசம் போன ஆக்கள் எல்லாம் ஜேர்மன் சிவப்புப் பாஸ்போட். அதுதான் கேட்டனான்."

"நிறத்தைப் பாக்கிறது எங்கடை சனம், தங்கச்சி. அவங்கள் நாட்டைத்தான் பாக்கிறவங்கள். நான் அங்கை நிண்ட நேரம் ஒருத்தனும் என்னட்டை விசா கேக்கேல்லை."

அது முழு உண்மை. விமான நிலையத்தில் நாற்காலியில் படுத்திருப்பவரிடம் யாரும் விசா கேட்பதில்லை.

பக்கத்தில் நின்ற அன்ரன், "எதுக்கும் ஒருக்கால் ரெலிபோன் அடிச்சுக் கேப்பமோ?" என்றார்.

மரியரட்ணத்துக்குச் சுருக்கென்றது. "பொன்னாடை போத்தின மனிசன் சொல்லுறார். நீர் ரெலிபோனிலை கேக்கப்போறீரோ?"

அன்ரன் கேட்கவில்லை. இந்தக் கதையில் நடந்த கொடுமை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் வட்டி.

சந்திரகாந்தி எசன் நகரத்துக் கடையொன்றில் அக்காவுக்குப் பொய்முடி வாங்கினார். நல்ல கறுப்பு, தோளுக்குச் சற்று மேலே நிற்கும் நீளம். பெட்டியில் வைத்துப் பரிசுத் தாள் சுற்றினார். என்னவென்று அன்ரனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குத் தலைமயிர் போனது தெரிந்தால் மண்டபத்தில் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றிவிடுவார்கள் என்று பயம்.

புறப்படும் சனிக்கிழமை டுசுல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு மரியரட்ணமும் தங்கராசாவும் வழியனுப்ப வந்தார்கள். தங்கராசாவின் தலையில் அகன்ற வெயில் தொப்பி. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் நீலப் புத்தகத்தை முன்னிருந்து பின்னாகப் புரட்டினாள். பின்னிருந்து முன்னாகப் புரட்டினாள். "விசும்?" என்று விசாவைக் கேட்டாள்.

"அது தேவையில்லை," என்றார் சந்திரகாந்தி தன் ஜேர்மனில்.

தேவை என்றாள் அந்தப் பெண். ஜேர்மன் கடவுச்சீட்டு என்றால் அங்கே இறங்கியதும் முத்திரை குத்துவார்கள். இது அகதிகளுக்கான பயணப் புத்தகம். இதற்கு முன்கூட்டியே விசா எடுத்திருக்க வேண்டும். விசா இல்லாமல் விமானத்தில் ஏற்ற முடியாது. அவள் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. அதனால் எதிர்த்துச் சண்டை பிடிக்கவும் வழியில்லை.

தங்கராசா தொப்பியைக் கழற்றாமலே முன்னுக்கு வந்தார். "இஃ பின் டுபாய் எக்ஸ்பேர்ட்," என்று தான் டுபாய் நிபுணர் என்பதை ஜேர்மனில் அறிவித்தார்.

"அழகு," என்றாள் அந்தப் பெண். அடுத்தவரை அழைத்தாள்.

அந்த நேரம் இராஜேஸ்வரி டுபாயில் இறங்கி, விடுதிக்கும் போய்விட்டார். விடுதிக்காரரே விசா எடுத்துக் கொடுத்து, வாகனமும் அனுப்பியிருந்தார்கள். சோதனைச்சாவடியும், வெளியே போக இராணுவத்திடம் பாஸ் எடுக்கும் முறையுமாகக் கிடந்த மன்னாரிலிருந்து புறப்பட்ட நோயாளி முத்திரையோடு உள்ளே போயிருந்தார். வரிசையில் நிற்பதற்குக்கூடக் கோடு கீறி வைத்திருக்கும் நாட்டிலிருந்து புறப்பட்டவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். சந்திரகாந்தி அன்ரனின் கைத்தொலைபேசியில் விடுதிக்கு அடித்தார். அறைக்கு இணைத்தார்கள். அங்கே மணி அடிக்கவேயில்லை. வயரைக் கழற்றி வைக்க என்று தாளில் இருந்தது.

சந்திரகாந்தி சத்தம் போட்டு அழவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கராசா அண்ணை, உங்களிட்டைச் சிவப்புப் புத்தகமெல்லோ. நீங்கள் போங்கோவன்."

"நானோ?"

"உங்களுக்கு இடம் தெரியும். அக்கா தனிய இருக்கிறா. நான் வரேல்லை எண்டு ஒருத்தர் நேரிலை சொன்னால் காணும். இந்தப் பெட்டியைக் குடுத்து, அவவை ஒருக்கால் பாத்திட்டு வந்து எப்பிடி இருக்கிறா எண்டு சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

"போகலாம்தான்... பாஸ்போட் வீட்டிலையெல்லோ..."

மரியரட்ணம் நண்பனின் புகழைக் காப்பாற்றும் அவசரத்தில் குறுக்கே விழுந்தார். "என்ன அண்ணை, மறந்திட்டியளே? உலகம் சுற்றுறவன் பாஸ்போட்டை நெஞ்சோடை வைச்சிருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்! உள்பொக்கற்றைப் பாருங்கோ!"

உள்பொக்கற்றில் இருந்தது. ஊரைச் சுற்றாதபோதும் காட்டுவதற்காக அதை அவர் எங்கும் கொண்டு திரிவார்.

அன்ரன் போய் ரிக்கெற் எடுத்து வந்தார். தங்கராசாவுக்குத் திங்கள் காலை ஷிஃப்ற். ஆகவே ஞாயிறு பின்னேரமே திரும்புவதாக ரிக்கெற். தங்கராசா பெட்டியை வாங்கிக்கொண்டார். நல்லுரைக்கு அமைவாகத் தன் கைத்தொலைபேசியை மரியரட்ணத்திடம் ஒப்படைத்தார். நாலு பேர் முன்னால் வேறென்ன செய்வது?

டுபாயில் இறங்கியபோது இருட்டிவிட்டது. தனக்குத் தெரிந்த இடத்தைவிட்டு இருட்டில் போக அவருக்கு மனமில்லை. விடியும்வரை விமான நிலைய நாற்காலியிலேயே கிடந்தார். காலையில் தானாகத் திறக்கும் கதவைத் தாண்டினார். பேக்கரி அடுப்பின் வாயைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே காற்று. அடுப்புக்கு முன்னால் கையுறை இருக்கும். இங்கே இல்லை. ராக்சிக்காரனோடு பேரம் பேச வேண்டும் என்று அவரே எழுதியிருந்தார். ராக்சிக்காரன் பேசாமல் மீற்றரைக் காட்டினான். ஊர் முழுக்க அகலத் தெரு, கண்ணாடிக் கட்டடம், கட்டிமுடியாத கட்டடம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு. நடந்து போக ஓர் இடமும் தென்படவில்லை. தேரா என்ற பழைய நகர்ப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய சந்தில் விடுதி இருந்தது.

வரவேற்பு மேசையிலிருந்த நடுத்தர வயது மலையாளி அறைக்குத் தொலைபேசி அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "அந்தம்மா போன் எடுக்கிறதில்லை. ரூம் கிளீன் செய்யவும் விடலை. நேற்று ராத்திரி பேப்பர் ஒண்ணு கதவுக்கடியில வெச்சோம், ஜெர்மனில இருந்து கால் வந்துச்சுன்னு. அப்படியே வெளியே தள்ளிட்டாங்க. மேலே போய்ப் பாருங்க சாரே."

தங்கராசா மூன்றாம் மாடிக்குப் போனார். தொப்பியைச் சரிசெய்தார். கதவைத் தட்டினார்.

உள்ளே செருப்புச் சத்தம் வந்து கதவடியில் நின்றது.

"ஆரது?"

"அக்கா, நான் ஜேர்மனியிலையிருந்து வாறன். உங்கடை தங்கச்சி அனுப்பினவ."

செருப்பு ஓரடி பின்னுக்குப் போனது.

"தங்கச்சி எங்கை?"

"அவவுக்கு வர ஏலாமல் போச்சுது. விசா குடுக்கேல்லை."

"விசா தேவையில்லை எண்டு தாளிலை இருக்கு. ஆரை ஏமாத்துறீர்?"

"அக்கா, அந்தத் தாளை எழுதினதே நான்தான்!"

உள்ளே தாளை விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "அதை எழுதினவர் படிச்ச மனிசன். வாசிக்கேக்கையே விளங்குது. இப்பிடிப் பெம்பிளை தனிய இருக்கிற கதவிலை வந்து அடிக்கமாட்டார்."

தங்கராசாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நேர்மையான பாராட்டு அது. அதை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"அக்கா, கதவைக் கொஞ்சம் நீக்கிப் பாருங்கோ. பாஸ்போட்டைக் காட்டுறன். பேர் போட்டிருக்கு."

"பாஸ்போட்டை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காட்டுறன் எண்டு நிக்கிறீர். அப்ப நீர் என்ன ஆள்?"

"அக்கா..."

"போம். என்ரை தங்கச்சி வந்துகொண்டிருக்கிறா. அவவின்ரை மனிசனும் வாறார். பெரிய ஆள்." அன்ரன் சந்திரகாந்தியின் தோள் உயரம்தான். "வந்தாரெண்டால் உமக்கு முறிப்பார்."

அதைச் சொல்லி முடிக்க முன்னர் இருமல் வந்தது. நீண்ட இருமல். தங்கராசா பெட்டியைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்தார்.

இருமல் அடங்கிய பிறகு உள்ளே செபமாலை தொடங்கியது. பயந்தவர் சொல்லும் வேகத்தில், உரக்க. அருள் நிறைந்த மரியே என்று முதற் பாதி வந்தது. சிறுவயதுப் பழக்கம், இரண்டாம் பாதி தங்கராசாவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும், எங்கள் மரண நேரத்திலும்..."

உள்ளே செபம் நின்றது. கதவுச் சங்கிலி அசைந்தது. தங்கராசா எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"செபமும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்," என்றது குரல், தனக்குள் சொல்வதுபோல. சங்கிலியை இன்னும் இறுக்கிக் கொளுவும் சத்தம் கேட்டது.

கீழே இறங்கியபோது மலையாளி எழுந்து நின்றார். "சாரே, ஜெர்மனிக்கு ஒரு போன் போடட்டுமா? அவங்க தங்கச்சி நம்பர் இருக்கு. அவங்ககிட்ட ஏதாவது அடையாளம் கேளுங்க, வீட்டுல கூப்பிடுற பேரு மாதிரி. கதவு முன்னாடி போய்ச் சொன்னா திறப்பாங்க."

அது நல்ல யோசனை. எவ்வளவு நல்ல யோசனை என்பது தங்கராசாவுக்கும் விளங்கியது. ஆனால் தொலைபேசியை எடுத்தால் முதல் வசனம் என்னவென்று சொல்வது? பாலைவனப் பேரறிஞர் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றா? இன்று சந்திரகாந்திக்குச் சொன்னால் நாளைக்கு மரியரட்ணத்துக்கு. நாளன்றைக்குக் கொலோன் நகரம் வரைக்கும்.

"வேண்டாம்," என்றார். "கதைச்சிட்டன். இந்தப் பெட்டியை மட்டும் அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ."

விமானம் பின்னேரம்தான். முற்பகலே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த இரவே சந்திரகாந்தி தொலைபேசி எடுத்தார். "கண்டனான், கதைச்சனான். சுகமா இருக்கிறா," என்றார் தங்கராசா. "மிச்சத்தை நேரிலை ஆறுதலாச் சொல்லுறன், தங்கச்சி."

நேரில் என்றது, அடுத்த ஞாயிறு மண்டபத்தில். மரியரட்ணம் அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கிவிட்டார். "பாலைவனத்தில் ஒரு பாசப் பயணம்" என்று பதாகை தொங்கியது. மெழுகுதிரி கொளுத்தி, வரவேற்புரை நடந்து, பிறகு தங்கராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். முதலில் சந்தேகத்தோடு தொடங்கினார். சனம் அமைதியாகக் கேட்கக் கேட்கக் குரல் வளர்ந்தது. கதவு தட்டியதும் அக்கா ஓடிவந்து திறந்தாராம். "தம்பி, நீர் என்ரை கூடப்பிறந்தவன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். இருவரும் சேர்ந்து செபமாலை சொன்னார்களாம். அந்த இடத்தில் செபத்தின் இரண்டாம் பாதியை அவர் உண்மையாகவே ஒருமுறை சொன்னார். பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். மரியரட்ணம் இன்னொரு பொன்னாடையைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் சந்திரகாந்தி இருந்தார். பக்கத்தில் அன்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆராவது கேள்வி கேக்கலாம்," என்றார் மரியரட்ணம்.

சந்திரகாந்தி எழுந்தார். "அண்ணை, பெட்டியைக் கையிலை குடுத்தனீங்களோ?"

"கையிலைதான் குடுத்தனான், தங்கச்சி. நெஞ்சோடை அணைச்சவ."

"அக்கா எப்பிடி இருந்தவ? பாக்க."

தங்கராசா கண்ணை மூடி நினைவுபடுத்தினார். சந்திரகாந்தி வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கும் அக்காவின் பழைய படம் அவருக்குத் துணைக்கு வந்தது. "கொஞ்சம் மெலிவுதான். ஆனால் முகத்திலை என்ன களை! அந்த நீட்டுத் தலைமயிரைப் பின்னி முன்னுக்குப் போட்டுக்கொண்டு, அப்பிடியே அந்தப் படத்திலை இருக்கிற மாதிரி."

"நீட்டுத் தலைமயிர்."

"இடுப்பு வரைக்கும்."

"சரி அண்ணை," என்றார் சந்திரகாந்தி. "பெரிய உதவி."

அவர் மண்டபத்தின் பின்பக்கம் போய்த் தேநீர்க் கேத்திலைத் தூக்கி வந்து, முதற் கோப்பையைத் தங்கராசாவுக்கு வார்த்தார். தங்கராசா இரண்டு கரண்டி சீனி கேட்டார். மரியரட்ணம் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இராஜேஸ்வரி அதற்கு முந்திய புதன்கிழமையே கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து, தாளில் இருந்தபடி கள்ளன் ஒருத்தன் வந்ததாகவும், கதவைத் திறக்கவில்லை என்றும், அவன் விட்டுப்போன பெட்டியைத் தொடவில்லை என்றும் தங்கச்சிக்குச் சொல்லியிருந்தார்.